இல்லத் தோட்டம்: கோட்டை ஊரில் செர்ரித் தக்காளி



விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியைப் பேருந்தில் கடந்து செல்வோர்கூட அவ்வூரை மறப்பதில்லை. யாரோ அள்ளிக் குவித்தாற்போல் பாறை மேல் பாறையாக எழுந்து நிற்கும் குன்றுகள், அவற்றை வளைத்துச் செல்லும் மதில், உச்சியில் அரண் என்று அந்தக் காட்சி கண்ணிலேயே நின்றுவிடுகிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கும் இக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகான் 1717-18ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசலும் இக்கோட்டைக்குள்தான் இருக்கிறது.

இல்லத் தோட்டப் பகுதியில் கோட்டைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 1690 முதல் 1698 வரை, விட்டும் தொட்டும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தோர் அத்தனை காலம் தாக்குப்பிடிக்க மதிலும் குன்றும் மட்டுமா துணை நின்றன? தேக்கி வைத்த நீரும் சேர்த்து வைத்த தானியமும் அன்றோ அவர்களைக் காத்தன! சக்கரக்குளமும் பெரிய களஞ்சியமும் இன்றும் அங்கே சாட்சியாக உள்ளன. கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்குச் சுட்ட மண் குழாய் வழியே நீர் ஏற்றியிருக்கிறார்கள். பாறை நிலத்தில் வாழ்வோர்க்கு நீரைச் சேமிப்பதும் அளந்து செலவிடுவதும் ஒரு கலை. அக்கலையை நம் வீட்டு முற்றத்திலும் மாடியிலும் நமக்குக் கற்றுத்தரவல்ல ஒரு சிறு செடியைப் பற்றியே இம்மாதம் பேசவிருக்கிறோம். அதுதான் செர்ரித் தக்காளி.

பெயரும் பிறப்பும்

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. மெக்சிகோவில் அது பயிராகப் பண்படுத்தப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஐரோப்பியர் வழியாகவே நம் நாட்டிற்கும் வந்தது. ஆனால் ‘தக்காளி’ என்னும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. மணத்தக்காளி முதலிய சிறு கனிச் செடிகளுக்கே அப்பெயர் வழங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய கனியை நம் முன்னோர் ‘சீமைத் தக்காளி’ என்றனர். காலப்போக்கில் சீமை என்ற அடைமொழி உதிர்ந்து, வந்தவரே வீட்டுக்காரராகிவிட்டார்! இப்போது நாம் வளர்க்கப்போகும் செர்ரித் தக்காளியோ பழைய மணத்தக்காளியைப் போலவே கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. கனி ஒவ்வொன்றும் பெரிய கோலிக்குண்டு அளவு. எடை 10 முதல் 25 கிராம் வரை.

பெரிய தக்காளியை விட்டு இதை ஏன் வளர்க்கவேண்டும்? முதலாவது, இது வெப்பத்தை ஓரளவு கூடுதலாகத் தாங்கும். பெரிய தக்காளிப் பூக்கள் உதிரத் தொடங்கும் வெயிலிலும் இதில் சில பூக்களாவது காயாகும். இரண்டாவது, ஒரே நாளில் கூடை கூடையாகப் பழுத்துத் திணறடிக்காமல், நாளுக்கு ஒரு கைப்பிடியாக இரண்டு மூன்று மாதங்களுக்குப் பழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, காய்கறி என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள், தாமே பறித்த இந்தச் சிறு கனியை மறுப்பேதும் இன்றி வாயில் போட்டுக்கொள்வார்கள்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். நான்கு தொட்டிகளை வைத்துவிட்டால் கடைத் தக்காளியே வாங்கவேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். நன்கு வளர்ந்த செடி ஒன்று, தன் பருவம் முழுவதிலும் இரண்டு அல்லது மூன்று கிலோ தரலாம். விருந்துக்குப் பிரியாணி ஆக்க அது போதாது. ஆனால் 2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, தமிழக அரசு நியாயவிலைக் கடைகளின் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கவேண்டி வந்தது. அத்தகைய நாட்களில் இரசத்துக்கும் துவையலுக்கும் கைப்பிடி கனி கொல்லையில் இருப்பது குடும்பத் தலைவிக்கு எத்துணை ஆறுதல்!

பருவம் அறிந்து விதைத்தல்

செஞ்சிக் குன்றுகளின் பாறைகள் பகல் முழுதும் வெயிலை உண்டு, இரவில் அதைத் திரும்ப உமிழ்கின்றன. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இந்த இரவு வெக்கைதான் பெரும்பகை. பகலில் 35 டிகிரி செல்சியசைக் கடந்து, இரவிலும் குளிர்ச்சி இல்லாதுபோனால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிர்ந்துவிடும். எனவே சித்திரை, வைகாசியில் பூக்கும்படி விதைப்பது வீண் உழைப்பு.

மறுபுறம் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையில் வெளியே நிற்கும் இளஞ்செடி பிழைப்பது அரிது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி இதுதான்: ஐப்பசியில் விதைத்து, நாற்றைத் தாழ்வாரத்தின் கீழ் மழைபடாமல் வளர்த்து, மழை ஓயத் தொடங்கும் கார்த்திகைக் கடைசியில் தொட்டிக்கு மாற்றவேண்டும். நட்ட 60, 65 நாட்களில், அதாவது தைக் கடைசியில் முதற்கனி பழுக்கும். மாசி, பங்குனி முழுதும் பறிக்கலாம். இவ்வாண்டுகளில் புனித ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால் நோன்புக் கஞ்சிக்கும் இஃப்தார்த் தட்டுக்கும் நம் தோட்டத்துக் கனி கிடைக்கும். ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டே போகும் என்பதை மறவாதீர்கள். நோன்பு பிறையின் கணக்கு. செடி வெயிலின் கணக்கு. ஆகவே விதைக்கும் நாளைப் பருவம் பார்த்தே குறியுங்கள்.

விதையும் நாற்றும்

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ‘பூசா செர்ரித் தக்காளி-1’, லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘பஞ்சாப் ரெட் செர்ரி’ போன்ற இரகங்கள் நம் நாட்டிலேயே உருவானவை. எந்த விதையை வாங்கினாலும் அது வீரிய ஒட்டு விதையா, தனி இரக விதையா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். ஒட்டு விதைச் செடியின் கனியிலிருந்து எடுக்கும் விதை, தாயைப் போலவே காய்க்கும் என்று உறுதி கூற முடியாது. தனி இரகமானால், ஒருமுறை வாங்கிய விதையே ஆண்டாண்டுக்கும் போதும்.

விதை எடுப்பதும் எளிதே. நோயற்ற செடியில் நன்கு பழுத்த கனிகளைப் பிழிந்து, சாற்றோடு ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். புளித்து மேலே நுரை கட்டும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு அப்போது கரைந்துவிடும். பிறகு நன்கு அலசி, மூழ்கிய விதைகளை மட்டும் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகித உறையில் இட்டு இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

நாற்றுவிடக் குழித்தட்டு இருந்தால் நலம்; இல்லையேல் அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சிகளே போதும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவாகக் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டிரண்டு விதைகளாக ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். முளைத்தபின் ஈரம் மிகுந்தால் தண்டின் அடிப்பகுதி அழுகி நாற்று சாய்ந்துவிடும். ஆகையால் மேல்மண் சற்று உலர்ந்த பிறகே தெளியுங்கள். 25 நாட்களில் ஐந்தாறு இலைகளோடு நாற்று நடவுக்குத் தயாராகிவிடும்.

தொட்டியும் நடவும்

ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். பழைய பெயின்ட் வாளியானால் நன்கு கழுவி, அடியில் ஐந்தாறு துளைகள் இடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, அத்துடன் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இக்கலவையை நிரப்பி ஒரு வாரம் ஈரமாக வைத்துப் பின் நடுங்கள்.

தொட்டியை வைக்கும் இடம் முக்கியம். காலை வெயில் ஆறு மணி நேரம் படவேண்டும். பிற்பகல் வெயிலில் காயும் மேற்குச் சுவரின் ஓரம் வேண்டாம். மாடியானால் தளத்தின் மீது நேரே வைக்காமல் இரண்டு செங்கல்களின் மேல் வையுங்கள். நீர் வடியும், தளத்தின் சூடும் வேரைத் தாக்காது.

மாலை வேளையில் நடுங்கள். தக்காளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: மண்ணுக்குள் புதையும் தண்டிலிருந்தும் அது வேர்விடும். எனவே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகள் மட்டும் வெளியே தெரியுமாறு ஆழமாக நடலாம். நடும்போதே ஆறடிச் சவுக்குக் கம்பு ஒன்றை ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். பழைய துணிக் கீற்றுகளால் தண்டை இறுக்காமல் கட்டுங்கள். நிறைவாக, நிலக்கடலைத் தோலை இரண்டங்குலக் கனத்திற்கு மண்ணின்மேல் பரப்புங்கள். கடலை விளையும் செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மண்ணின் ஈரத்தை அது நெடுநேரம் காக்கும்.

நிறைய நீர் அன்று, நேரத்துக்கு நீர்

இப்போது நம் பேச்சின் மையத்துக்கு வருகிறோம். வீட்டில் தக்காளி வளர்ப்போரின் குறைகளைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, பழுக்கும் வேளையில் கனி வெடித்துவிடுகிறது. மற்றொன்று, காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. இரண்டிற்கும் மருந்துக் கடையை நாடுவோர் உண்டு. ஆனால் இரண்டிற்கும் பெரும்பாலும் காரணம் ஒழுங்கற்ற நீர்தான்.

இரண்டு நாள் மறந்துவிட்டு, மூன்றாம் நாள் அதற்கும் சேர்த்துக் குடம் குடமாக ஊற்றினால், கனியின் சதை சட்டென்று பருக்கிறது. தோலோ அந்த வேகத்துக்கு விரிவதில்லை. ஆகவே வெடிக்கிறது. அதுபோல மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தை நீர்தான் காய்க்குக் கொண்டுசெல்கிறது. நீர் விட்டு விட்டு வந்தால் அச்சத்து காயின் நுனியை எட்டுவதில்லை. அங்கே அழுகல் தொடங்குகிறது. செர்ரித் தக்காளியில் இந்த அழுகல் குறைவு, வெடிப்போ அதிகம். தக்காளி கேட்பது நிறைய நீர் அன்று. நாள்தோறும், அளவாக, நேரத்துக்கு வரும் நீர்.

இளஞ்செடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் போதும். காய்க்கும் செடிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். பங்குனி வெயிலில் மூன்று லிட்டர் வரை, காலையும் மாலையுமாகப் பிரித்து. விரலை மண்ணுக்குள் இரண்டங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றவேண்டாம்.

நான்கு செடிகளுக்குக் கோடையிலும் நாளுக்கு 12 லிட்டர்தான். பாறை ஊரில் அதற்கு நீர் ஏது என்கிறீர்களா? நம் வீட்டிலேயே நாளுக்கு ஐந்து வேளை ஓடிக்கொண்டிருக்கிறது. நாம்தான் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உளூச் செய்யும் நீரைத்தான் சொல்கிறோம். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும்போது அடியில் ஒரு வாளியை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு மூன்று லிட்டர் என்றே கொண்டாலும், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 75 லிட்டர்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. முத் என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. மத்ஹபுகளின் கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கும். அண்ணலார் ஒருமுறை உளூச் செய்த நீரைப்போல் மூன்று நான்கு மடங்கை நாம் ஒரே வேளையில் ஓடவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா?

உளூவில் பயன்பட்ட நீர் தூய்மையானதே. அதைக்கொண்டு மீண்டும் உளூச் செய்தல் ஆகாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் முடிவு. செடிக்கு ஊற்ற யாதொரு தடையும் இல்லை. சோப்புக் கலவாத நீர் ஆதலால், துணி துவைத்த நீரைவிடச் செடிக்கு மிகவும் ஏற்றது. உளூச் செய்யும் இடத்தில் ஓர் அகன்ற பாத்திரம், அதன் அருகே மூடியுள்ள வாளி, இவ்வளவே தேவை. அன்றன்று சேர்ந்த நீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். தேங்கவிட்டால் டெங்குக் கொசுவுக்கு அதுவே தொட்டிலாகும். அரிசி களைந்த நீரையும் இதனோடு சேர்க்கலாம்.

வீட்டில் முடிவது பள்ளிவாசலிலும் முடியும். உளூ நீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு சிறு வாய்க்கால் வழியே செடி கொடிகளுக்குத் திருப்பும்படி ஜமாஅத் நிர்வாகிகளை வேண்டிக்கொள்ளுங்கள். செலவு சில அடிக் குழாய், பயன் நெடுங்காலத்துக்கு.

கத்தரித்தலும் காவலும்

தண்டும் இலைக்காம்பும் சேரும் கக்கத்தில் பக்கத் தளிர்கள் கிளைத்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் வளரவிட்டால் செடி புதராகும், கனி சிறுக்கும். இரண்டு தண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றத் தளிர்களை விரல் நீளம் வளருமுன் கிள்ளிவிடுங்கள். தரையைத் தொடும் இலைகளையும் அகற்றுங்கள்.

பூத்ததும் காலை ஒன்பது மணிக்கு மேல் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதற்கு ஓர் அசைவு போதும். காற்றும் வண்டும் செய்யும் வேலையை நாம் சற்றே துணைசெய்து முடிக்கிறோம்.

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இடுங்கள். இயற்கை வேளாண் நூல்கள் கூறும் கரைசல்கள் பலவற்றில் மாட்டுச் சிறுநீர் சேர்வதால், தொழுகை ஆடையில் தெறிக்குமோ என்று தயங்கும் சகோதரிகள் உண்டு. அவர்கள் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றலாம். அளவு மீறவேண்டாம், உரம் மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும்.

இலைகள் சுருண்டு, குறுகி, வெளிறினால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி நோய். அதற்கு மருந்தில்லை. அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றவற்றைக் காக்கும் வழி. முன்னெச்சரிக்கையாக, மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியருகே தொங்கவிடுங்கள்; ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை மாலையில், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் படுமாறு தெளியுங்கள். காய்ப்புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம். அருகில் இரண்டு துலுக்கச் சாமந்திச் செடிகள் இருந்தால் அந்துப்பூச்சி அங்கே ஈர்க்கப்படும். வீட்டில் ஆடு வளர்ப்போர் தக்காளி இலையை அதற்குப் போடவேண்டாம். அதில் நச்சுத்தன்மை உண்டு.

குரங்குக்கும் பங்கு உண்டு

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கச் சென்றவர்கள் அங்குள்ள குரங்குகளையும் பார்த்திருப்பார்கள். கையில் பையோடு நடப்பவரை அவை விடுவதில்லை. குரங்கு வரும் ஊரில் சிவந்து தொங்கும் தக்காளிக் கொத்து எத்தனை நாள் தங்கும்? தொட்டியைச் சுற்றி வலை கட்டுவது ஒரு வழி. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. காய் பச்சை நிறம் மாறி, நுனியில் இளஞ்சிவப்பு படரத் தொடங்கியதுமே பறித்துவிடுங்கள். அந்நிலையை எட்டிய காய், வீட்டுக்குள் நிழலில் வைத்தாலும் மூன்று நான்கு நாட்களில் முழுமையாகப் பழுக்கும். சுவையும் பெரிதும் குறையாது. வெடிப்பிலிருந்தும் அது தப்பும்.

இத்தனை காவலையும் மீறிக் குரங்கு ஒரு கொத்தைப் பறித்துச் சென்றாலோ, அணிலும் கொண்டைக்குருவியும் நமக்கு முன்னே வந்துவிட்டாலோ, கல்லெடுக்கவேண்டாம். விஷம் வைக்கவே வேண்டாம். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ, பறவையோ, விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகப் பதியப்படுகிறது என்பது நபிமொழி. நம் அனுமதியின்றி எடுக்கப்பட்டதற்கும் நன்மை எழுதப்படும் கணக்கு வேறெங்கே உண்டு? கடைத்தெருவில் இது நட்டம். அல்லாஹ்விடத்தில் இது வரவு.

அடுக்களைக்கு வந்தபின்

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரண்டில் ஒருவருக்கு மேல்! வீட்டார் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு எழும் தாய்மார் இக்கணக்கைச் சற்று நின்று படிக்கவேண்டும்.

தக்காளியில் இரும்புச்சத்து அதிகமில்லை. அது இரத்தசோகைக்கு மருந்தும் அன்று. ஆனால் அதில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைசெய்கிறது. கொதிக்கும்போது அவ்வைட்டமினில் ஒரு பகுதி அழிந்துவிடுவதால், கீரையும் பருப்பும் உண்ணும்போது பத்துப் பன்னிரண்டு செர்ரித் தக்காளிகளைப் பச்சையாகவே சேர்த்து உண்ணுங்கள். உணவோடு தேநீர் அருந்தும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்னும் சத்தோ, எண்ணெயில் வதக்கினால்தான் உடலில் நன்கு சேரும். ஆகப் பச்சையாகவும் உண்ணலாம், வதக்கியும் உண்ணலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவுசெய்யவேண்டும்.

பச்சையாக உண்ணக் கனிகளை இரண்டாக நறுக்கி, வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லித் தழையோடு எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்துகொள்ளலாம். இஃப்தார் நேரத்தில் பேரீச்சம்பழத்திற்குப் பின் இத்தட்டு ஒன்று இருந்தால், வடையும் சமோசாவும் தாமாகவே ஒன்றிரண்டு குறையும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு முழுக் கனியாகக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நான்காக நறுக்கியே கொடுங்கள்.

முதற் கைப்பிடி

விளைந்ததை உண்ணுங்கள், அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்தைத் திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. வயலுக்கும் தோப்புக்கும் உரிய சட்டத்தை மார்க்க அறிஞர்கள் விளக்குவார்கள். தொட்டியில் விளைந்த கைப்பிடிக் கனிக்கு நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அதன் உணர்வை. குழம்பு வைக்கும்போது நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் அனுப்புமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் அறிவுறுத்திய மார்க்கம் அல்லவா நம்முடையது!

எனவே முதலில் பழுத்த கைப்பிடியை ஒரு கிண்ணத்தில் இட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த வீடு எந்தச் சமயத்தார் வீடாயினும் சரியே. தேசிங்குராஜனுக்காக உயிர்கொடுத்த நண்பன் மகமதுகான் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் போற்றும் ஊர் செஞ்சி. அந்நட்பின் மண்ணில் ஒரு கிண்ணம் தக்காளி சுவர் தாண்டிச் செல்வது புதுமை அன்று. கிண்ணத்தோடு சிறிது விதையையும் அனுப்புங்கள். கனி ஒரு நாளில் தீரும். விதை அவர்கள் வீட்டிலும் ஆண்டுதோறும் முளைக்கும்.

கோட்டையைக் கட்டியவர்கள் பெரிய குளங்களில் நீரைத் தேக்கினார்கள். நம்மால் இயல்வது ஒரு வாளி. அந்த வாளியை உளூச் செய்யும் இடத்தில் இன்று லுஹருக்கே வைத்துவிடலாம். விதை வாங்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நம் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், பீர்க்கும் புடலும் பந்தலேற்றும் முறையைக் காண்போம்.